மருந்து முட்டை என்று வந்தவரிடம் கேட்ட மூன்று கேள்விகள்



நான் மைக் பிடிச்சுப் பேசுறது இது ரெண்டாவது தடவை. முதல் தடவை மூணு நிமிஷத்துல தொண்டை காய்ஞ்சு உட்கார்ந்துட்டேன். இந்தத் தடவை சொல்லவேண்டியதை நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கேன். தலைவி அக்காதான், "அந்த முட்டைக்காரர் விஷயத்தை நீயே சொல்லு, அப்படியே மலர்லயும் போட்டுடலாம்" என்றார்கள். சொல்லவேண்டிய பொறுப்பும் எனக்குத்தான். ஏன்னா அந்த ஆளை நம்பி முதல்ல கை தூக்கினவளே நான்தான்.

உங்கள்ல பாதிப் பேருக்கு நடந்தது தெரியும். கருவடிக்குப்பத்துல எங்க குழுக்கூட்டம் சித்தானந்தர் கோயில் பக்கத்துல ஒரு வீட்டுத் திண்ணையில நடக்கும். ஒருநாள் ஒருத்தர் பேன்ட் சட்டை, தோள்பையோட வந்தார். பையில இருந்து வழவழன்னு அச்சடிச்ச நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். "எதிர்ப்பு சக்தி முட்டை" என்று அதில் போட்டிருந்தது. கோழி முட்டையோட மஞ்சள் கருவில் வயித்துப்போக்கைத் தடுக்கிற பொருள் இருக்குதாம், வெளிநாட்டில் விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சிருக்காங்களாம், தினம் ஒரு முட்டை பச்சையாகவோ ஆஃப்பாயிலாகவோ சாப்பிட்டா பிள்ளைங்களுக்கு வயித்து நோயே அண்டாதாம். குழுவுக்கு இருபது கோழியும் தனித் தீவனமும் அவரே தருவாராம். நாம இருபத்தஞ்சாயிரம் கட்டணும். முட்டை ஒன்று இருபத்தஞ்சு ரூபாய்க்கு அவரே திரும்ப எடுத்துக்குவாராம்.

கணக்குப் போடுறதுல நாம சளைச்சவங்க இல்லையே. இருபது கோழி, தினம் பதினஞ்சு முட்டைன்னு வச்சாலும் நாளுக்கு முன்னூத்தி எழுபத்தஞ்சு ரூபாய். ரெண்டு மூணு மாசத்துல முதல் வந்துடும்னு அங்கேயே பேச்சு கிளம்பிடுச்சு. பதினோரு குழு சேர்ந்தா ரெண்டே முக்கால் லட்சம். கூட்டமைப்புல இருந்து உள்கடனா எடுக்கலாம்னு யோசனை.

ஆனா நான் கை தூக்கினது பணத்துக்காக இல்லை. அதுக்குக் காரணம் என் பையன்.

எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்தது காரைக்கால்ல. 2022 கோடை லீவுல அங்கே போயிருந்தோம். பையனுக்கு அப்போ பதினாலு மாசம். ஜூன் கடைசியில இருந்தே அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. ஜூலை ஆரம்பத்துல காலரான்னு உறுதியாச்சு. காரைக்கால்ல பொது சுகாதார அவசர நிலைன்னு அரசாங்கம் அறிவிச்சு, பள்ளிக்கூடம் காலேஜுக்கு மூணு நாள் லீவு விட்டாங்க. நம்ம புதுச்சேரி மாநிலத்துலயே நடந்தது, பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பீங்க.

என் பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சது. விடியறதுக்குள்ள எத்தனை தடவை போனான்னு கணக்கு இல்லை. அரிசி கழுவின தண்ணி மாதிரி போச்சு. அக்கா மாமியார், "வயித்துக்கு ஒண்ணும் கொடுக்காதே, கொடுத்தா கொடுத்தது போகும், தாய்ப்பாலையும் நிறுத்து" என்றார்கள். பெரியவங்க சொல்றாங்களேன்னு நானும் நாலைந்து மணி நேரம் ஒண்ணும் கொடுக்கலை. காலையில பிள்ளை கண்ணு உள்ளே போயி, வயித்துத் தோலைக் கிள்ளினா கிள்ளின மேனிக்கு நிக்குது. அழுறான், கண்ணீர் வரலை. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸம்மா என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. "நோய் உன் பிள்ளையைக் கொல்லாதும்மா, தண்ணி வத்தித்தான் கொல்லும். அந்தத் தண்ணியை நிறுத்துனது நீ." குளுக்கோஸ் ஏத்தி, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனா ஓ.ஆர்.எஸ். கொடுக்கவச்சு, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க.

அப்படிப்பட்டவ கிட்ட வந்து ஒருத்தர், முட்டை சாப்பிட்டா வயித்துப்போக்கு வராதுன்னு சொன்னா, எப்படி இருக்கும்? எங்க குழுவை வற்புறுத்தி அன்னைக்கே முன்பணம் ஐயாயிரம் கொடுக்க வச்சேன். தீர்மான நோட்டுல முதல் கையெழுத்து என்னோடது.

அந்த வாரமே என் நாத்தனார் மக ஊருக்கு வந்தா. டவுன்ல காலேஜ்ல மைக்ரோபயாலஜி படிக்கிறா. பெருமையா நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். சிரிக்கப்போறான்னு நினைச்சேன், சிரிக்கலை. "அத்தை, இதுல பாதி நிஜம். அதுதான் கஷ்டம்" என்றாள்.

அந்தப் பாதி நிஜத்தை முதல்ல சொல்லிடறேன். ஏன்னா அது கேக்கவே அழகா இருக்கு.

கோழி தன் குஞ்சுக்குப் பால் கொடுக்கிறது இல்லை. நாம பிள்ளை பெத்ததும் முதல்ல சுரக்கிற சீம்பால்ல, தாய்க்கு வந்து போன நோய்களுக்கான எதிர்ப்புப் பொருள் எல்லாம் சேர்ந்து பிள்ளைக்குப் போகுது. ஒரு காலத்துல அதைக் கெட்டுப்போன பால்னு பீய்ச்சிக் கொட்டினவங்க நம்ம ஊர்லயே இருந்தாங்க. இப்போ அங்கன்வாடியில சொல்லிச் சொல்லி மாறியிருக்கு. கோழிக்கு அந்த வழி கிடையாதே. அதனால அது தன்கிட்ட இருக்கிற எதிர்ப்புப் பொருளை முட்டையோட மஞ்சள் கருவுக்குள்ளேயே வச்சு அனுப்புது. குஞ்சு பொரியற சமயத்துல மிச்ச மஞ்சள் கரு அது வயித்துக்குள்ளே போயிடும். அதை வச்சுத்தான் குஞ்சு முதல் ரெண்டு மூணு வாரம் தாக்குப் பிடிக்குது. கோழி அம்மாவோட சீம்பால்தான் மஞ்சள் கரு. ஆன்டிபாடின்னு சொல்ற எதிர்ப்புப் பொருள் இதுதான்.

இதை 1893-லேயே ஜெர்மனியில கிளெம்பரர்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சிருக்கார். கோழிக்கு ரணஜன்னி நோயோட விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஊசி போட்டார். கோழிக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா அது இட்ட முட்டையில அந்த விஷத்தை முறிக்கிற சக்தி இருந்தது. நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தின விஷயம். நம்ம ஆளு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி நோட்டீஸ் அடிச்சிருக்கார்.

அப்போ இதை மனுஷனுக்கு எப்படிப் பயன்படுத்துறது? பாம்புக்கடி மருந்து எப்படிச் செய்யறாங்கன்னு தெரிஞ்சா இது சுலபமாப் புரியும். ஈ.சி.ஆர். ரோட்டுல மெட்ராஸ் போற வழியில, மாமல்லபுரத்துக்கு அப்பால வடநெம்மேலியில இருளர்கள் நடத்துற பாம்பு பிடிக்கிறவங்க கூட்டுறவு சங்கம் இருக்கு. 1978-ல ஆரம்பிச்சது. அவங்க எடுத்துக் கொடுக்கிற விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்துவாங்க. குதிரை ரத்தத்துல விஷமுறி உண்டாகும். அந்த ரத்தத்துல இருந்து பிரிச்சதுதான் ஆஸ்பத்திரியில பாம்பு கடிச்சவங்களுக்குப் போடுற மருந்து. குதிரைக்குப் பதில் கோழி, பாம்பு விஷத்துக்குப் பதில் வயித்துப்போக்குக் கிருமி, ரத்தத்துக்குப் பதில் முட்டைன்னு வச்சுக்குங்க. செத்த கிருமியைக் கோழிக்கு ஊசி போடுவாங்க. சில வாரம் கழிச்சு மறுபடியும் போடுவாங்க. அப்புறம் அது இடுற முட்டையோட மஞ்சள் கருவுல அந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி வரும். மஞ்சள் கருவைத் தனியாப் பிரிச்சு, சூடு ஏறாம உலர்த்திப் பொடி பண்ணுவாங்க. பிராணியைக் குத்தி ரத்தம் எடுக்கவேண்டியது இல்லை, முட்டை பொறுக்கினா போதும். ஒரு மஞ்சள் கருவுல சுமார் நூறு மில்லிகிராம் ஆன்டிபாடி இருக்குமாம்.

வயித்துக்குள்ளே போய் இது என்ன பண்ணும்? கிருமி நம்ம குடலோட சுவத்துல ஒட்டிக்கிட்டாத்தான் நோய். சும்மா மிதந்து போனா ஒண்ணும் இல்லை. ஆன்டிபாடி போய்க் கிருமியைச் சுத்தி ஒட்டிக்கும், கிருமியால சுவத்தைப் பிடிக்க முடியாது. கருவாட்டுப் பானையில ஏற வர்ற பூனைக்குக் காலுக்குக் காலு சாக்கு கட்டிவிட்ட மாதிரின்னு நான் நினைச்சுக்கிட்டேன். என் நாத்தனார் மக இந்த உதாரணத்துக்கு மட்டும் சிரிச்சா.

இது மாட்டுக் கன்னுக்கும் பன்னிக்குட்டிக்கும் பல நாட்டுல கொடுக்கிறாங்க. தாய்ப்பால் மறக்கிற பன்னிக்குட்டிக்கு ஈகோலைன்னு ஒரு கிருமியால பேதி வந்து கொத்துக் கொத்தாச் சாகும். அதுக்குத் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்தே பழகிட்டாங்க. அப்படிக் கொடுத்துக் கொடுத்து மருந்துக்கு அசையாத கிருமி வளர்ந்துடுச்சு. ஐரோப்பாவுல பிராணிங்க வளர்ச்சிக்காகத் தீவனத்துல ஆன்டிபயாடிக் கலக்கறதை 2006-ல தடை பண்ணினாங்க. நம்ம நாட்டுலயும் கொலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுஷனுக்கு வேற எதுவும் கேக்காதப்போ கடைசியாப் போடுறது, அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கக்கூடாதுன்னு 2019 ஜூலையில தடை போட்டாங்க. ஆன்டிபயாடிக்கை விட்டா வேற என்னன்னு தேடுறப்பத்தான் எல்லாரும் முட்டைப் பக்கம் திரும்பியிருக்காங்க.

மனுஷப் பிள்ளைக்கும் சோதிச்சிருக்காங்க. பக்கத்து நாடு பங்களாதேஷ்ல, டாக்காவுல, வயித்துப்போக்குக்குன்னே ஒரு பெரிய ஆராய்ச்சி ஆஸ்பத்திரி இருக்கு. ரோட்டா வைரஸ் பேதி வந்த 79 குழந்தைங்க. நாலு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள. பாதிப் பேருக்கு ரோட்டாவுக்குத் தயார் பண்ணின கோழியோட மஞ்சள் கருப்பொடி, ஒரு நாளைக்குப் பத்து கிராம், நாலு வேளையாப் பிரிச்சு, நாலு நாள். மீதிப் பேருக்குச் சாதாரண முட்டைப்பொடி. 2001-ல முடிவு வந்தது. பொடி சாப்பிட்டவங்களுக்கு முதல் நாள் பேதி கொஞ்சம் குறைஞ்சது, ஓ.ஆர்.எஸ். குறைவாத் தேவைப்பட்டது. நாலாம் நாள் வைரஸ் போயிட்ட பிள்ளைங்களும் அதிகம். ஆனா பேதி எத்தனை நாள் நீடிச்சதுங்கறதுல பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க. அதை யாரும் நிறுத்தலை. இதை நல்லா கவனிங்க.

ஜப்பான்ல வயித்துப்புண் உண்டாக்குற கிருமிக்கு இந்த மாதிரி முட்டை ஆன்டிபாடியைத் தயிர்ல கலந்து குடிக்க வச்சுப் பார்த்திருக்காங்க. கிருமி குறைஞ்சது. ஒழிஞ்சதுன்னு சொல்லலை.

ஆக விஞ்ஞானம் பொய் இல்லை. பொய் இருந்தது நோட்டீஸ்ல. என் நாத்தனார் மக ஒரு பேப்பர்ல மூணு கேள்வி எழுதிக் கொடுத்தா. அதை வச்சுக்கிட்டு அவர் அடுத்த தடவை வந்தப்போ திண்ணையில உட்கார வச்சுக் கேட்டோம்.

முதல் கேள்வி: உங்க கோழிக்கு எந்தக் கிருமிக்கு ஊசி போட்டிருக்கீங்க?

"எல்லா வயித்து நோய்க்கும்தாம்மா" என்றார். அப்படி ஒண்ணு கிடையாதே. ரவிக்கை அளவு எடுத்துத் தைக்கிற மாதிரிதான் ஆன்டிபாடி. ஒருத்தி அளவுக்குத் தைச்சது இன்னொருத்திக்குக் கை நுழையாது. ரோட்டாவுக்கு உண்டானது காலராவைப் பிடிக்காது. காலராவுக்கு உண்டானது சீதபேதிக் கிருமியைத் தொடாது. காரைக்கால்ல என் பையனுக்கு வந்தது ஒண்ணு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வர்றது வேற ஒண்ணு. ஊசியே போடாத கோழின்னா அது முட்டையில கோழிக்கு வந்த நோய்க்கான ஆன்டிபாடிதான் இருக்கும். ஊசி போட்ட கோழிக்கூட மொத்த ஆன்டிபாடியில நமக்கு வேண்டிய கிருமிக்கானது நூத்துக்கு ரெண்டுல இருந்து பத்து பங்குதான் இருக்குமாம். அவரு கோழிக்கு ஊசி போட்டாங்களான்னு கேட்டதுக்கு, "தீவனத்துலயே இருக்கு" என்றார்.

ரெண்டாவது கேள்வி: எப்படிச் சாப்பிடணும்?

அவியல் பண்ணினா சக்தி போயிடும், பச்சையாச் சாப்பிடணும்னார். சூட்டுல போயிடும்ங்கறது நிஜம். எழுபது டிகிரி தாண்டினா ஆன்டிபாடி கெட்டுப்போகும். வேகவச்ச முட்டையில சத்து இருக்கும், இந்த ஆன்டிபாடி வேலை செய்யாது. ஆனா பச்சை முட்டையில சால்மொனெல்லான்னு ஒரு கிருமி இருக்கலாம். அதுவே வாந்தி பேதிக் காய்ச்சல் கொடுக்கும். பேதியைத் தடுக்கப் பேதியை விலைக்கு வாங்குற கதை. அதோட, பச்சையா முழுங்கினாலும் இரைப்பையில இருக்கிற புளிப்பு ஆன்டிபாடியைச் சிதைச்சுடும், ஒரு பங்குதான் குடலுக்கே போய்ச் சேரும். அதுக்குத்தான் கம்பெனிக்காரங்க பொடி பண்றது, பூச்சு பூசுறது எல்லாம். அது திண்ணையில உட்கார்ந்து செய்யற வேலை இல்லை.

இந்த இடத்துல எங்க கூட்டத்துல ஒரு சண்டையே வந்துச்சு. எங்க குழுவுல ஒரு பெரியம்மா எழுந்து, "வயசுக்கு வந்த புள்ளைக்குப் பச்சை முட்டையை ஓட்டோட வாயில ஊத்தி, நல்லெண்ணெய் குடுத்துத்தானே நாம எல்லாரும் வளர்ந்தோம், செத்தா போயிட்டோம்?" என்றார்கள். என் பெரிய பொண்ணுக்கும் என் மாமியார் கொடுத்தாங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகலை, நானும் ஒத்துக்கறேன். வீட்டுக் கோழி அன்னைக்கு இட்ட முட்டையை அடுப்படியில வச்சுக் கொடுத்த காலம் அது. இப்போ லாரியில வந்து, கடையில பத்து நாள் கிடந்து, எச்சம் ஒட்டின ஓட்டை உடைச்சு ஊத்தறோம். பெரியம்மா கோபத்துல வெத்திலையை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. சத்து வேணும்னா வேகவச்சுக் கொடுங்க பெரியம்மா, வேகவச்சா சத்து நல்லா சேரும்னு சொன்னேன். அரைகுறையாத்தான் சமாதானம் ஆனாங்க. இன்னைக்கு முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. கோபம் போச்சான்னு அப்புறமா கேக்கணும்.

மூணாவது கேள்வி: சாப்பிடறதை நிறுத்தினா என்ன ஆகும்?

இதுக்கு அவருக்குக் கேள்வியே புரியலை. நமக்கும் முதல்ல புரியலை. விஷயம் இதுதான். தடுப்பூசி போட்டா நம்ம உடம்பே எதிர்ப்பைச் செய்யக் கத்துக்குது. முட்டை ஆன்டிபாடி அடுத்தவங்க சமைச்ச சோறு மாதிரி. சாப்பிடற வரைக்கும் பசி ஆறும், சமைக்கத் தெரியாது. நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். தினம் இருபத்தஞ்சு ரூபாய் முட்டைன்னா ஒரு பிள்ளைக்கு மாசம் எழுநூத்தம்பது ரூபாய். யாரு வீட்டுல முடியும்? ரோட்டா வைரஸுக்குன்னா நம்ம நாட்டுலயே தயாராகுற சொட்டு மருந்து இருக்கு. டெல்லியில 1980-கள்ல ஒரு ஆஸ்பத்திரிக் குழந்தைகிட்ட கிடைச்ச வைரஸ்ல இருந்து உண்டாக்கினது. நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அதைச் சோதிச்ச இடத்துல ஒண்ணு. ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசம்னு மூணு தடவை அங்கன்வாடியிலயும் சுகாதார நிலையத்துலயும் இலவசமாப் போடுறாங்க. அட்டையை எடுத்துப் பாருங்க, விட்டுப்போயிருந்தா நர்ஸ்கிட்ட கேளுங்க.

மூணாவது கேள்வி முடிஞ்சதும் அவரு போன் வந்த மாதிரி எழுந்து போனார். அப்புறம் வரலை. எட்டுப் பத்துத் தடவை போன் பண்ணி, எங்க குழு கொடுத்த ஐயாயிரத்துல ரெண்டாயிரம் திரும்பி வந்தது. மூணாயிரம் போனது போனதுதான். அதை நான் மாசம் முன்னூறு முன்னூறா என் சேமிப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டு இருக்கேன். வேணாம், எல்லாரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போட்டோம்னு குழுவுல சொன்னாங்க. முதல் கையெழுத்து என்னோடதுன்னு நான் கேக்கலை. இன்னும் நாலு தவணை பாக்கி. மத்த பத்து குழுப் பணமும் அப்படியே இருக்கு.

வயித்துப்போக்குக்கு இன்னைக்குத் தேதிக்கு நம்ம கையில இருக்கிற மருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும்தான். இந்த உப்பு சர்க்கரைத் தண்ணியோட கதையும் நம்ம நாட்டுக் கதைதான். 1971-ல பங்களாதேஷ் போரப்போ லட்சக்கணக்குல அகதிங்க மேற்கு வங்காளத்துல போங்காவ் முகாம்ல வந்து தங்கினாங்க. காலரா பரவிச்சு. ஏத்துறதுக்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துபோச்சு. திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர், உப்பு சர்க்கரைத் தண்ணியை டிரம்ல கலந்து, தாய்மாருங்க கையிலயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நர்ஸ் இல்லை, ஊசி இல்லை, பெத்தவங்களே ஊட்டினாங்க. சாவு பத்துல ஒரு பங்குக்கும் கிட்டத்தட்ட குறைஞ்சுபோச்சு. அவர் 2022-ல, என் பையன் பிழைச்ச அதே வருஷம், அக்டோபர்ல காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தாங்க. அவர் பேரு எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஒரு விளக்கு ஏத்தியிருப்பேன்.

ஒரு பொட்டலம் முழுசா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில. பாதிப் பொட்டலம், அரை டம்ளர்னு கண்ணளவுல கலக்காதீங்க. கலந்தது இருபத்திநாலு மணி நேரத்துக்குத்தான், மிச்சம் கொட்டிடணும். பொட்டலம் இல்லாத ராத்திரியில, ஒரு லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டின டீஸ்பூன்ல ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினா ஆபத்து, கண்ணீர் உப்பைவிட உப்பா இருக்கக்கூடாதுன்னு நர்ஸம்மா நாக்குல வச்சுப் பார்க்கச் சொன்னாங்க. கடையில அட்டைப் பெட்டியில பழரசம் மாதிரி விக்கிறது எல்லாம் ஓ.ஆர்.எஸ். இல்லை, அதுல சர்க்கரை அதிகம், பேதியை அது கூட்டும். துத்தநாக மாத்திரை பதினாலு நாள், பேதி நின்னாலும் நிறுத்தாம. ஆறு மாசத்துக்கு மேல உள்ள பிள்ளைக்கு இருபது மில்லிகிராம், அதுக்குக் கீழே பத்து. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. பிள்ளை குடிக்க மாட்டேங்குது, கண் உள்ளே போகுது, ஒண்ணுக்குப் போகலை, மலத்துல ரத்தம் வருது, துவண்டு கிடக்குதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, பக்கத்துல கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு. யாரு என்ன சொன்னாலும் நாலைந்து மணி நேரம் காத்திருக்காதீங்க. நான் காத்திருந்தேன்.

இப்போ கோழி விஷயம். முட்டைக்காரர் போனாலும் அவரால நமக்கு ஒரு லாபம் இருக்கு. அந்த விசாரணையில நாம கோழி வளர்க்கிற லட்சணம் தெரிஞ்சுபோச்சு. எங்க தெருவுல போன கோடையில வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்துல நாப்பத்தி ரெண்டு கோழி போச்சு. என் வீட்டுல ஒன்பது. ஒரு குஞ்சு கூட மிஞ்சலை. ராணிக்கெட் நோய்னு டாக்டருங்க சொல்றது அதைத்தான். அதுக்குத் தடுப்பு மருந்து இருக்கு, விலையும் பெரிசு இல்லை. ஆனா ஒரு குப்பியில நூறு கோழிக்கு மேல போடுற அளவு இருக்கும். பனிக்கட்டியில வச்சிருக்கணும், கரைச்சுட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சுடணும். ஆறு கோழி வச்சிருக்கிறவ ஒரு குப்பி வாங்கி என்ன பண்ணுவா? அதனாலதான் யாரும் போடுறது இல்லை.

குரும்பாப்பட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கு. கோழி வளர்ப்புப் பத்தி அங்கே போய்க் கேட்டுக்கலாம். நான் ஒரு கால்நடை டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். குஞ்சு பொரிச்சு ஏழாம் நாள் கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலு வாரத்துல மறுபடி, எட்டு வாரத்துல ஊசின்னு சொன்னார். ஒரு தடவை போட்டா போதாதான்னு கேட்டேன். அப்போ அவர் சொன்னது எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. தாய்க்கோழிக்கு ஊசி போட்டிருந்தா அதோட எதிர்ப்பு மஞ்சள் கரு வழியாக் குஞ்சுக்கு வந்திருக்கும், அது இருக்கிற வரைக்கும் சொட்டு மருந்து முழுசா வேலை செய்யாது, அம்மா கொடுத்தது கரைஞ்சதும் குஞ்சு சொந்தமாச் செய்யக் கத்துக்கணும், அதனாலதான் மறுபடி மறுபடி போடுறோம் என்றார். முட்டைக்காரர் நோட்டீஸ்ல இருந்த அதே விஷயம். நம்ம கொல்லையிலேயே நடந்துக்கிட்டு இருக்கு.

அதனால கூட்டமைப்புக்கு நான் வச்ச யோசனையைத் தலைவி அக்கா ஒத்துக்கிட்டாங்க. இருபத்தஞ்சாயிரம் வேணாம், குழுவுக்கு நூறு ரூபாய். பதினோரு குழு கோழிக்கும் ஒரே நாள்ல சேர்த்துத் தடுப்பு மருந்து. குப்பியும் பனிக்கட்டிப் பெட்டியும் கால்நடை டாக்டரே எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோழியைத் திறந்துவிடறதுக்கு முன்னாடி. ராத்திரியே கூடையில போட்டுக் கவுத்து வச்சுடுங்க, விடிஞ்சதுக்கப்புறம் பிடிக்கிறேன்னு தெருத்தெருவா ஓடாதீங்க. கழிச்சல் வந்து சோர்ந்து நிக்கிற கோழியைக் கொண்டுவராதீங்க, அது மத்ததுக்கும் ஒட்டிக்கும். பெட்டைக்குத் தனியா, சேவலுக்குத் தனியாக் கூடை. குஞ்சு எத்தனை, பெரிசு எத்தனைன்னு ஊக்குநர்கிட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்குக் கொடுத்துடுங்க. எங்க தெருவுல பேரு எழுதுறது நான்தான்.